தையல் பிரித்த பிறகு படிக்கவும்

என் அண்ணி யாருக்காவது புத்தகம் சிபாரிசு செய்வதற்கு முன் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், வயிற்றைப் பார்ப்பார். தையல் எங்கே, எவ்வளவு நீளம், காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. நான் செய்திருக்கிறேன், அது வேறு விஷயம். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அந்த வேலையை அவள்தானே செய்ய வேண்டும்?

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவைச் சிகிச்சை வார்டில் அண்ணி மூத்த நர்ஸ். வார்டுக் கோடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்திருந்த இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்தால்தான் அதன் கதவு மூடும். அதற்குள் இப்போது நாவல்கள். எல்லாமே ஒரே ரகம்: மந்திரவாதிகள், விண்வெளிக் கப்பல்கள், பேசும் மிருகங்கள், அத்தனையும் சிரிக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஓய்வு பெற்ற டிராகன் ஒன்று மாணவர் விடுதியில் வெந்நீர் போடும் வேலைக்குச் சேர்கிறது. ஒரு மந்திரவாதி தன்னை மறைய வைத்துக்கொள்கிறான். மூக்குக் கண்ணாடியும் கூடவே மறைந்துபோக, திரும்பி வரும் மந்திரத்தைப் படிக்க முடியாமல் தடவுகிறான். போன செவ்வாய்க்கிழமைக்கு மட்டுமே போகத் தெரிந்த ஒரு காலயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் லோல் படுகிறது. இப்படி.

வயிற்றில் தையல் போட்டவருக்குச் சிரிப்பு விளையாட்டுக் காரியம் இல்லை. தும்மல், இருமல், சிரிப்பு மூன்றும் போய்ச் சுரீர் என்று இழுப்பது ஒரே இடத்தில்தான். ஆனால் வலிக்கிறதே என்று இருமாமல் கிடந்தாலும் ஆபத்து. நெஞ்சில் சளி தேங்கும், நுரையீரல் சுருங்கும், காய்ச்சல் வரும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு இழுத்து இருமித் துப்புங்கள் என்று நர்ஸுகள் கரடியாகக் கத்துவார்கள். யார் கேட்கிறார்கள்? மூச்சு விடுவதே யாருக்கும் தெரியக் கூடாது என்பது போலக் கிடப்பார்கள். அண்ணி அங்கேதான் தன் புத்தகங்களை நுழைத்தார். சிரிக்கிறவன் தானாக மூச்சை இழுப்பான், தானாக இருமுவான்.

அதற்காகக் கண்டதையும் கையில் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு பட்டை என்றால் உதடு மட்டும் விரியும். இரண்டு பட்டை என்றால் தோள் குலுங்கும். மூன்று பட்டை, தையல் பிரித்த பிறகுதான். குடல்வால் எடுத்துக்கொண்ட பேக்கரிக்காரர் ஒருவர், அண்ணி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து மூன்று பட்டை டிராகனை எடுத்துப் படித்து, தையல் விட்டுப்போய், திரும்பத் தைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் கொதித்துப்போய் அலமாரியையே தூக்கச் சொன்னார். பேக்கரிக்காரர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "டாக்டர், அந்த டிராகனுக்கு வேலை நிரந்தரமாச்சா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். டாக்டர் பார்க்கத்தான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அலமாரியைத் தூக்குகிற பேச்சே எழவில்லை. அண்ணி டிராகனுக்கு வேறு பிரதி வாங்கிக்கொண்டார்.

அந்த வார்டிலிருந்து உருப்படியாக வீடு திரும்பியவர்களில் சிலர் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி கேன்டீனில் கூடுகிறார்கள். தையல் சங்கம் என்று பெயர். பேக்கரிக்காரர் உண்டு, பித்தப்பையைப் பறிகொடுத்த வக்கீல் அம்மா உண்டு, குடலிறக்கத்துக்கு வந்த ஒரு பஸ் டிரைவர் உண்டு. தாங்கள் படித்ததை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வதுதான் சங்கத்தின் வேலை. அதற்கு அண்ணி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"சிரிப்பா இருக்கும்னு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க. அப்படிச் சொன்னா, படிக்கிறவங்க எங்க சிரிப்பு, எங்க சிரிப்புன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. தேடறவங்களுக்குச் சிரிப்பு வராது."

அண்ணி கொடுக்கிற விதமே தனி. "இதுல ஒரு ஆடு பேசுது. அது சொல்றது நிஜமா பொய்யான்னு எனக்கு இன்னும் பிடிபடல. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்பார். அவ்வளவுதான். வாங்கியவர் ஆட்டை விசாரிக்கப் போய் ஆழத்தில் விழுவார்.

என்னிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. நான் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். எந்த வண்டி வரும், எது வராது, எதற்காக வருந்துகிறோம் என்று சொல்வது என் பிழைப்பு. வருந்தி வருந்தியோ என்னவோ, எனக்கு அழ வைக்கிற நாவல்தான் பிடிக்கும். "இந்த வயசுல பேசற ஆடு தேவையா அண்ணி?" என்பேன். "உன் நாவல்ல மனுஷங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டேங்கிறாங்க. என் ஆடாவது பேசுதே" என்பார். வாய் இருக்கிறதே, நர்ஸுக்கு!

அண்ணியை இப்படி 'அவர்' என்று எழுதுகிறேன். அண்ணன் எனக்கு 'அவன்'தான், கூடப் பிறந்தவன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வாளர். கடைக்காரர்கள் அவனையே தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் முகமும் அப்படித்தான், இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது. அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது, எங்களுக்குப் பால் பல் விழுந்த காலத்தோடு சரி.

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அவனுக்கு ஒரு புத்தகமாவது படிக்கக் கொடுத்துவிட முயன்றார். ஒரு பட்டை கொடுத்துப் பார்த்தார், மூன்று பட்டை கொடுத்துப் பார்த்தார், ஆட்டைக் கொடுத்தார், டிராகனைக் கொடுத்தார். அவன் வாங்கி, தூசி தட்டி, மேஜை மேல் நேராக வைத்துவிடுவான். மறுநாள் அது அங்கேயே இருக்கும். "ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்றேன். எனக்குன்னு வாய்ச்ச மனுஷன் அட்டையைக்கூடத் திறக்கல" என்று அண்ணி என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மழைக்காலத்தில் அண்ணனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. கடையில் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான். அவசரமாகக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து, சரிசெய்து, அண்ணியின் வார்டிலேயே படுக்க வைத்தார்கள். சொந்தக்காரரை நர்ஸ் கவனிக்கக் கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரி விதி. அதனால் அண்ணி சீருடையைக் கழற்றிவிட்டு, பார்வையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் பெயர். சொட்டு மருந்து இறங்குகிறதா என்று பார்ப்பார், நிமிர்ந்து உட்காருவார், அடுத்த கட்டில்காரரின் போர்வையைச் சரிசெய்வார், டியூட்டியில் இருக்கும் பெண் முறைத்ததும் திரும்பி வந்து உட்காருவார்.

அண்ணன் இருமவில்லை. வலி ஒரு பக்கம்; ஒரு வார்டு நிறைய ஆட்களுக்கு நடுவே காறித் துப்புவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னொரு பக்கம். தலையணையைக் கொடுத்தால் வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டான். மூச்சை மேலோட்டமாக, யாரிடமோ இரவல் வாங்கியது போல இழுத்தான். காய்ச்சல் ஏற ஆரம்பித்தது. பெரிய டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு அண்ணியையும் என்னையும் தள்ளி அழைத்துப் போனார்.

"வலது நுரையீரல் அடிப்பக்கம் காத்தே போகல. சளி அடைச்சிருக்கு. இவர் ஒத்துழைச்சு இருமியே ஆகணும். நாளைக்கும் இப்படியே இருந்தா தீவிர சிகிச்சைக்கு மாத்தி, மூச்சுக்குத் தொண்டையில குழாய் போட வேண்டியிருக்கும். சிஸ்டர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. குழாய் போட்டவர்களில் எத்தனை பேர் நல்லபடியாகத் திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று அண்ணிக்குத் தெரியும். அவர் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

செய்தி எப்படிப் போனதோ, பார்வையாளர் நேரத்துக்குத் தையல் சங்கம் மொத்தமும் வந்துவிட்டது. ஆளுக்கொரு புத்தகம். தராசு சாரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், சங்கத்தின் ஒரே சட்டத்தை எல்லாரும் வாசலிலேயே தொலைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"சார், இது பயங்கர சிரிப்பு சார்!" என்றார் பஸ் டிரைவர்.

"அதைவிட இது. நாலாவது அத்தியாயத்துல நீங்க சிரிக்கலைன்னா நான் வக்கீல் தொழிலையே விட்டுடறேன்" என்றார் வக்கீல் அம்மா.

"முதல்லயே நாலாவது அத்தியாயம்னு சொல்லிட்டா எப்படிங்க? இனி அவர் முதல் மூணு அத்தியாயத்தைப் பொறுமையாப் படிப்பாரா?" என்று பேக்கரிக்காரர் அவர் மேல் பாய்ந்தார்.

கட்டிலின் இரு பக்கமும் நின்று அவர்கள் அடித்துக்கொண்டதே ஒரு நாவலுக்குப் போதும். அண்ணன் ஒவ்வொரு புத்தகத்தையும் புகார் மனு வாங்குவது போல வாங்கி, "சரி, பாக்கறேன்" என்று மெல்ல முனகி, பக்கத்தில் அடுக்கினான். ஓரம் நேராக இல்லை என்று ஒரு விரலால் தட்டிச் சரிசெய்தான். காய்ச்சலில் அவன் கண் சிவந்திருந்தது. உதடு கோடு போட்ட மாதிரி இருந்தது.

அண்ணி எழுந்து கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார். நானும் போனேன். கழுவ ஒன்றும் இல்லாத கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"யார் யாருக்கோ என்னென்ன பிடிக்கும்னு கண்டுபிடிச்சேன். கூடவே இருக்கிறவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியல. தினமும் பக்கத்துல உக்காந்து கதையாச் சொல்லிக்கூடப் பாத்திருக்கேன். ஒரு சிரிப்பு, ஒரே ஒரு சிரிப்பு வரல. இப்ப அது இல்லாம அவரு..."

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அண்ணி அழுது பார்த்ததே இல்லை. நாவல் படித்து நான் அழுத அழுகையெல்லாம் வெறும் ஒத்திகை என்று அப்போது தெரிந்தது. "போய் ஒரு டீ குடிச்சிட்டு எனக்கும் வாங்கிட்டு வாங்க" என்று அவரைத் தள்ளி அனுப்பினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது சங்கத்தில் பேக்கரிக்காரர் மட்டும் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்கிலிருந்து மேலாக இருந்த புத்தகத்தை எடுத்து, உரக்கப் படிக்கத் தொடங்கினேன். பூமியைப் பிடிக்க வந்த வேற்றுக்கிரகப் படை ஒன்று, ஒரு வீட்டு மாடியில் ரகசியமாகக் குடியேறுகிறது. காலடிச் சத்தம் அதிகம் என்று கீழ் வீட்டுக்காரம்மா கத்த, தளபதியிலிருந்து கடைசிச் சிப்பாய் வரை நுனிக்காலில் நடக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே குரல்தான்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். "நீ படிச்சா, படை தாமதமா வரும், வருந்துகிறோம்னு கேக்குது" என்றான்.

"சும்மா கேளு" என்று மேலே படித்தேன். வீட்டுக்காரம்மா கீழிருந்தே திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதோடு அத்தியாயம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

"ஏய், விட்டுட்டே. அந்தம்மா துடைப்பத்தோட மாடிக்கு வருமே, அது எங்க?"

"துடைப்பமா?"

"வந்து, தளபதியைப் பாத்து, குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளுன்னு நினைச்சுக்கும். அவனுக்கு ஆறு கை. ஆறு கையிலயும் ஆறு சாமானைக் குடுத்துட்டு, ஏழாவதா வாளியைப் பல்லுல பிடிச்சுக்கச் சொல்லும். அதைப் படி."

முன்னும் பின்னும் புரட்டினேன். துடைப்பம் இல்லை, வாளி இல்லை. பேக்கரிக்காரர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார். "இதை நான் மூணு தடவை படிச்சிருக்கேன். அந்தம்மா மாடிப்படியே ஏறாது சார்."

அண்ணன் அவரைச் சந்தேகமாகப் பார்த்தான். எடை குறைகிறது என்று தெரிந்தால் கடைக்காரரைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. "அப்போ டிராகனோட மாமியார்?"

"டிராகனுக்கு மாமியாரா? அதுக்குக் கல்யாணமே ஆகலையே!"

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாத என் அண்ணனுக்கு அலமாரியில் இருக்கிற அத்தனை கதையும் தெரியும். புத்தகத்தில் இல்லாததும் சேர்த்துத் தெரியும்.

"அண்ணா, அப்போ அண்ணி சொன்ன எல்லாத்தையும் கேட்டிருக்கே. பிடிச்சிருந்துதுன்னா ஒரு தடவையாவது சிரிச்சுத் தொலைச்சா என்ன?"

அவன் கூரையைப் பார்த்தான். காய்ச்சல் இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டான். "நான் சிரிக்காம இருந்தாத்தான் அவ விடாம சொல்லுவா. எழுந்து நடிச்சுக் காட்டுவா. புதுசு புதுசா ஏதாவது சேர்ப்பா. ஒரு தடவை சிரிச்சிட்டேன்னு வெச்சுக்கோ, அப்பாடா, ஜெயிச்சாச்சுன்னு சமையல்கட்டுக்குப் போயிடுவா."

"சரி, நீயே எடுத்துப் படிச்சிருக்கலாமே?"

"நானே படிச்சிட்டா, அவ எதுக்கு எனக்குச் சொல்லப் போறா?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டீத் தம்ளர் ஒன்று டங்கென்று வைக்கப்பட்டது. அண்ணி எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியாது. வந்த வேகத்தைப் பார்த்து, பேக்கரிக்காரர் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா? பிடிக்கலை போலிருக்கு, பிடிக்கலை போலிருக்குன்னு நினைச்சு, இட்டுக்கட்டி, துடைப்பம் எடுத்து, கட்டில் மேல ஏறிக் குதிச்சு, தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு எனக்கு. கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்துகிட்டு, உள்ளுக்குள்ள ரசிச்சுகிட்டு..."

"தொண்டை வத்தினப்போ தண்ணி குடுத்தது நான்தானே" என்றான் அண்ணன்.

அண்ணிக்குக் கோபம் நிஜமாகவே வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. எது முந்தியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்டூலை இழுத்தார், அவன் தலைக்குக் கீழிருந்த தலையணையை உருவினார், வயிற்றுத் தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டியூட்டிப் பெண் தூரத்திலிருந்து பார்த்தாள். விதி தெரிந்தவள்தான். ஆனாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப சிரிக்கறீங்க. அவ்வளவுதான்."

"பயமா இருக்கு."

"தையல் ஒண்ணும் ஆகாது. நான் பிடிச்சிருக்கேன்."

"தையலுக்கு இல்ல" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "சிரிச்சிட்டா நீ எழுந்து போயிடுவியேன்னு."

என் அண்ணன் இப்படி ஒரு வார்த்தை பேசுவான் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அண்ணி தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எங்க போறது? டியூட்டியும் குடுக்கல எனக்கு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கீழ் வீட்டுக்காரம்மாவின் குரலில் ஆரம்பித்தார்.

"ஏம்பா, குழாய்க்காரத் தம்பி! உங்க வீட்டுல எல்லாருக்கும் ஆறு கையா? அப்போ பாத்திரம் யாரு கழுவறது?"

தளபதியால் பதில் சொல்ல முடியவில்லை, பல்லில் வாளி. கையைக் காட்டவும் முடியவில்லை, ஆறு கையிலும் சாமான். பத்துக் கிரகங்களைப் பிடித்த வீரன், கண்ணில் தண்ணீர் முட்ட, ஒற்றைக் காலை மெல்லத் தூக்கி, கட்டைவிரலால் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டுகிறான்: நான்தான். அண்ணியின் இரண்டு கையும் தலையணை மேல் இருந்ததால், அவரும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கப் பார்த்தார். புடவை தடுக்கியது, செருப்பு பறந்துபோய் வக்கீல் அம்மா வைத்துவிட்டுப் போன புத்தகத்தின் மேல் விழுந்தது.

"அப்படியா ராசா" என்றார் வீட்டுக்காரம்மா குரலில், அசராமல். "ஆறு கை வெச்சுக்கிட்டு நீயே கழுவறியா? உன் பொண்டாட்டி கெட்டிக்காரி. அவளை வரச் சொல்லு, பூமியை அவளுக்கே குடுத்துடறோம்."

அண்ணனின் தோள் முதலில் அசைந்தது. உதட்டை இறுக்கினான். முடியவில்லை. எண்ணெய் காணாத கைப்பம்பு போல ஒரு சத்தம் கிளம்பியது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் வலியாக மாறியது, "ஐயோ" என்றான், திரும்பவும் சிரித்தான். அண்ணி நர்ஸாகிவிட்டார். "இருமுங்க, நல்லா இருமுங்க, துப்புங்க, இன்னொரு தடவை" என்று தலையணையை அழுத்திக்கொண்டே தாடையால் எனக்குக் கிண்ணத்தைக் காட்டினார். கெட்டிச் சளி கட்டியாக வந்து விழுந்தது. அத்தனை அழகான பொருளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. சுவரோரம் பேக்கரிக்காரர் பழக்க தோஷத்தில் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து அழுதுகொண்டிருந்தார். பெரிய டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். காற்று உள்ளே போகிறது என்றார்.

ஒருவழியாக எல்லாம் அடங்கியது. அண்ணன் வேர்த்து, களைத்து, கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு ஆழமாகப் போய் வந்தது. அண்ணியின் கை இன்னும் தலையணையை விடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட எடுக்கவில்லை.

கண்ணைத் திறக்காமலே அண்ணன் கேட்டான்: "அப்புறம்?"

அண்ணி ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.